எத்தனை பேருக்கு ஓர் ஆஸ்பத்திரி?

ஓரிடத்தில் எத்தனை மனிதர் வாழ்ந்தால் அவ்விடத்திற்கு ஓர் ஆஸ்பத்திரி வேண்டும்? ஐம்பதினாயிரம் பேரா? பத்தாயிரம் பேரா? ஐயாயிரம் பேர் போதுமா? கேட்ட மாத்திரத்தில் இது கணக்கர்கள் தீர்க்க வேண்டிய விஷயமாகவே தோன்றும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் விடை தானே வந்துவிடும் என்று நிர்வாகிகள் நம்புகிறார்கள். ஆனால், காய்ச்சலில் துடிக்கும் குழந்தையை மடியிலே கிடத்திக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கும் ஒரு தாயிடம் சென்று, "அம்மா, உன் ஊரின் சனத்தொகை போதாது" என்று சொல்ல நம்மில் எவருக்கேனும் நாக்கு எழுமா? ஏட்டிலே சரியாக இருப்பது வாயிலே வரக் கூசுகிறதென்றால், அங்கே கணக்குக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்று இருக்கிறது என்பதே பொருள். அந்த ஒன்று என்ன என்பதை ஆராய்வதே நமது நோக்கம்.

இதற்குக் கற்பனையாக ஓர் உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை. கரிபியன் கடலிலே மொன்செராற் என்றொரு தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 39 சதுர மைல். தேசப்படத்திலே ஊசி முனையால் குத்திய புள்ளியளவுதான். இன்றும் அது பிரித்தானியாவின் ஆட்சிக்குட்பட்ட ஆட்புலமே. அங்கு ஒரு சட்டசபை உண்டு. மக்கள் தெரிவுசெய்த அமைச்சர்களும் உண்டு. அவர்களுக்கு மேலே, பிரித்தானிய முடியின் பேரால் அனுப்பப்பட்ட ஆளுநரும் உண்டு. இன்று அங்கு வாழ்வோர் ஐயாயிரம் பேருக்கும் குறைவு. எத்தனை பேருக்கு ஓர் ஆஸ்பத்திரி என்ற கேள்வி அவர்களுக்குத் தர்க்க விளையாட்டு அன்று. கடந்த முப்பது ஆண்டுகளாக அவர்களுடைய வாழ்வும் சாவும் அதிலேயே தங்கியிருந்திருக்கின்றன.

இவ்வளவு சிறிய தீவிலே இவர்கள் ஏன் வாழ்கிறார்கள் என்று கேட்பவர் உண்டு. வசதியான நாற்காலியில் இருந்துகொண்டு கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. சரித்திரத்தைப் புரட்டினால் விடை தெளிவாக இருக்கிறது. 1493இல் கொலம்பஸ் இத்தீவைக் கண்டு பெயரிட்டான். 17ஆம் நூற்றாண்டிலே ஆங்கிலேயரும் ஐரிஷ்காரரும் வந்து குடியேறினர். கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களிலே மாடாய் உழைக்க ஆபிரிக்காவிலிருந்து மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கொண்டுவரப்பட்டனர். 1768ஆம் ஆண்டு மார்ச் 17ஆந் தேதி, எசமானர் பற்றிக் பெருமானின் திருநாள் விருந்தில் மூழ்கியிருக்கும் வேளை பார்த்துக் கிளர்ந்தெழ அடிமைகள் திட்டமிட்டனர். திட்டம் வெளிப்பட்டது, தலைவர்கள் தூக்கு மேடை ஏறினர். இன்று அதே நாள் அத்தீவிலே பொது விடுமுறை நாள். 1834இல் அடிமைத்தளை நீக்கப்பட்டபோது பிரித்தானிய அரசாங்கம் தன் சாம்ராச்சியமெங்கும் இருந்த அடிமைச் சொந்தக்காரருக்கு 2 கோடிப் பவுணை நட்டஈடாக வழங்கியது. அடிமையாய் இருந்தவனுக்கு ஒரு சல்லிக் காசுதானும் கிடைக்கவில்லை.

ஆகவே, மொன்செராற் மக்கள் தமது தீவைத் தெரிந்தெடுத்து அங்கே போய்க் குடியிருந்தவர்கள் அல்லர். தீவுதான் அவர்கள்மீது சுமத்தப்பட்டது. பின்பு அவர்கள் அந்த மண்ணைத் தம் வியர்வையால் தமதாக்கிக்கொண்டார்கள். கரும்புக்குப் பின் தேசிக்காயும், அதற்குப் பின் பருத்தியும் விளைவித்தார்கள். இன்று அவர்களைப் பார்த்து "ஏன் இங்கே இருக்கிறீர்கள்?" என்று எவர் கேட்டாலும், அவர்களை அங்கே கொண்டுவந்த கை அப்படிக் கேட்கும் உரிமை உடையதன்று.

இனி வைத்திய விஷயத்துக்கு வருவோம். 1934 தொடக்கம் நான்கைந்து ஆண்டுகள் மேற்கிந்திய தீவுகள் எங்கும் வேலைநிறுத்தங்களும் கலகங்களும் வெடித்தன. பசியும் வேலையின்மையும் குடிசைகளின் அழுக்கும் நோயும் மக்களைத் தெருவுக்குத் தள்ளின. 1938இல் மொயின் பிரபுவின் தலைமையில் ஒரு விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. குழுவினர் தீவு தீவாகச் சென்று வீடுகளையும் வைத்தியசாலைகளையும் பாடசாலைகளையும் பார்த்து அறிக்கை எழுதினர். அந்த அறிக்கைக்கு நேர்ந்த கதி சுவையானது. அதன் சிபாரிசுகள் மட்டும் 1940இல் வெளியிடப்பட்டன. முழு அறிக்கை 1945 வரை பெட்டியிலே பூட்டப்பட்டிருந்தது. தமது ஆட்சியின் இலட்சணம் யுத்த காலத்தில் எதிரியின் வாய்க்கு அவலாகிவிடும் என்று ஆட்சியாளர் அஞ்சினர். முந்நூறு வருட ஆட்சியின் பின், மக்களின் சுகநிலையை உள்ளபடி எழுதினால் அது இராசாங்க இரகசியமாகிவிடும் நிலை இருந்ததென்றால், அதற்கு மேல் நாம் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை.

ஆயினும் அவ்வறிக்கைக்குப் பின் சிறிது சிறிதாகப் பொது ஸ்தாபனங்கள் வளர்ந்தன. சிகிச்சை நிலையங்கள், தாதிமார், பாடசாலைகள், தெருக்கள் என்பன தோன்றின. அவை பிச்சையாக வந்தவை அல்ல; போராடிய தொழிலாளர் பெற்றுக்கொண்டவை. தலைநகரான பிளிமத்தில் தீவின் ஆஸ்பத்திரி இருந்தது. 1989 செப்டெம்பரில் ஹியூகோ என்னும் புயல் தீவைத் தாக்கிற்று. தீவின் கட்டிடங்களில் பத்தில் ஒன்பது பங்கு சேதமுற்றது. மக்கள் சோர்ந்துவிடவில்லை. கூரைகளை மீண்டும் வேய்ந்தார்கள். பிரித்தானியப் பணத்தில் ஆஸ்பத்திரியும் புதுக்கிக் கட்டப்பட்டது. சுண்ணாம்பின் ஈரம் காயுமுன்பே அடுத்த இடி விழுந்தது. நூற்றாண்டுகளாக உறங்கிக் கிடந்த சூப்ரியேர் மலைகள் 1995ஆம் ஆண்டு ஜூலை 18ஆந் தேதி குமுறத் தொடங்கின. பிளிமத் நகர மக்கள் ஒரு முறை வெளியேறித் திரும்பினர். மறுமுறையும் வெளியேறித் திரும்பினர். 1996 ஏப்ரிலில் வெளியேறியவர்கள் திரும்பவே இல்லை. அடுத்த ஆண்டு நகரம் நெருப்பிலும் சாம்பலிலும் புதைந்தது. புத்தம் புதிய ஆஸ்பத்திரி, நூல்நிலையம், அரசாங்கக் காரியாலயங்கள் எல்லாம் போயின.

தீவின் தென்புறம் முழுவதும் மனிதர் புகக்கூடாத பிரதேசமாயிற்று. சுமார் 11,000 பேராய் இருந்த மக்களில் பெரும் பகுதியினர் அன்ரிகுவாவுக்கும் இங்கிலாந்துக்கும் பிற தீவுகளுக்கும் சிதறினர். எஞ்சியோர் வடக்கே ஒதுங்கினர். அங்கே சென் ஜோன்ஸ் என்னும் கிராமத்தில் இருந்த ஒரு பாடசாலைக் கட்டிடம் ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டது. பிள்ளைகள் அட்சரம் படித்த அறையிலே நோயாளர் கட்டில்கள் போடப்பட்டன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் தங்கினர். சிலர் வருடக்கணக்கிலே தங்கினர். மலையிலிருந்து வந்த சாம்பலிலே நுரையீரலுக்குக் கேடு செய்யும் நுண்ணிய பளிங்குத் துகள்கள் கலந்திருந்ததை விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். சாம்பல் அதிகம் விழுந்த பகுதிகளில் வாழ்ந்த பிள்ளைகளிடத்திலே இழுப்பு நோயின் அறிகுறிகளும் மிகுந்து காணப்பட்டன. ஆஸ்பத்திரி இல்லாமற் போன வேளையிலேயே ஆஸ்பத்திரியின் தேவை மிகுந்தது.

1997ஆம் ஆண்டு ஜூன் 25ஆந் தேதி மலையிலிருந்து பாய்ந்த அனற்குழம்புப் புகை 19 பேரைக் கொன்றது. தடுக்கப்பட்ட பிரதேசத்திலே அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அவர்களிற் பலர் தமது பயிரையும் கால்நடையையும் பார்க்கப் போனவர்கள். பாதுகாப்பான வடக்கிலே பயிரிட அவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பின்னர் நடந்த மரண விசாரணையில், விவசாயிகளுக்கு மாற்று நிலம் வழங்கத் தவறியமையும் அச்சாவுகளிற் சிலவற்றுக்குத் துணைக்காரணம் என யூரர்கள் தீர்ப்புரைத்தனர். எரிமலைக்கு மனச்சாட்சி இல்லை. அதன்மீது நாம் குற்றஞ்சாட்ட முடியாது. ஆனால் எரிமலையின் வாயிலே ஒருவனைக் கொண்டுபோய் நிறுத்தும் பசி இயற்கையின் செயலன்று. அது மனிதர் செய்த ஏற்பாடு.

அந்த ஆவணி மாதத்திலே பிரித்தானிய அரசாங்கம் ஒரு திட்டத்தை அறிவித்தது. தீவை விட்டுப் போக விரும்பும் வயது வந்த ஒவ்வொருவருக்கும் 2,400 பவுணும், பிள்ளைகளுக்கு 600 பவுணும் தரப்படும் என்றது. தீவினர் கொதித்தெழுந்தனர். முதலமைச்சர் பதவி துறந்தார். அவ்வேளை சர்வதேச அபிவிருத்திக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் கிளெயர் ஷோட் அம்மையார், இவர்கள் அடுத்தபடியாகப் பொன் யானைகளைக் கேட்பார்கள் என்ற கருத்துப்படப் பேசியது பத்திரிகைகளில் வெளியாகி உலகெங்கும் பரவியது. யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நம் நாட்டார் கேட்பதுண்டு. ஆனால் அந்த மக்கள் கேட்டது யானையை அன்று. ஒழுகாத கூரை, பயிரிட ஒரு துண்டு நிலம், பாடசாலையை விரட்டாத ஓர் ஆஸ்பத்திரி ஆகிய இவற்றையே கேட்டார்கள்.

அமைச்சரைப் பழித்துவிட்டு நாம் எளிதாக நகர்ந்துவிடலாகாது. அவருடைய பேச்சு கொடிதாயினும், அப்பேச்சின் பின்னே நின்ற வாதம் அற்பமானதன்று. அவருடைய கையில் இருந்தது உலகத்து வறியவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பணம். அதே பணத்தை ஆபிரிக்காவிலோ ஆசியாவிலோ செலவிட்டால் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அம்மை குத்தலாம்; கிணறுகள் வெட்டலாம். சில ஆயிரம் பேருக்காக அதை அள்ளி இறைப்பது நியாயமா? ஓர் உயிருக்கு ஓர் உயிர் சமமென்றால், பல உயிரைக் காக்கும் வழியே சிறந்த வழி அன்றோ? இந்த வாதத்துக்கு விடை சொல்லாமல் மனிதாபிமானத்தைப் பற்றி எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் அது வெறும் கண்ணீராகவே முடியும்.

விடை காண நாம் தூரம் போக வேண்டியதில்லை. பிரித்தானியாவின் வடமேற்குக் கரைக்குப் போனால் போதும். ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மக்கள் சிதறி வாழ்ந்தனர். சிறு நிலத்தை உழுதும் மீன் பிடித்தும் சீவித்த அவர்கள் கூலிக்காரர் அல்லர். ஆதலால் 1911இல் வந்த தேசிய காப்புறுதிச் சட்டம் அவர்களைத் தொடவில்லை. வைத்தியருக்கோ அங்கே பிழைப்பில்லை. கடலும் மலையும் தாண்டி வரும் வைத்தியருக்குக் கொடுக்க நோயாளியிடம் காசில்லை. 1912இல் ஒரு குழு நேரிற் சென்று இந்நிலையை ஆராய்ந்தது. அடுத்த ஆண்டே அரசாங்கம் வருடத்துக்கு 42,000 பவுணை ஒதுக்கி அப்பிரதேசத்துக்கெனத் தனியான வைத்திய சேவையை ஏற்படுத்திற்று. வைத்தியருக்கு ஒரு குறைந்தபட்ச வருமானம் உறுதிசெய்யப்பட்டது, தாதிமார் நியமிக்கப்பட்டனர், நோயாளியிடம் அறவிடும் கட்டணம் அவன் கொடுக்கக்கூடிய அளவாயிற்று. நாடு முழுவதற்குமான இலவச வைத்திய சேவை 1948இல் பிறப்பதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே இது நடந்தது. 1933இல் ஐலா என்னும் தீவிலிருந்து ஒரு நோயாளி கிளாஸ்கோ நகருக்கு ஆகாய விமானத்தில் எடுத்துச்செல்லப்பட்டார். இன்று பாரா என்னும் தீவிலே சுமார் ஆயிரத்து இருநூறு பேர் வாழ்கின்றனர். அங்கே விமானம் இறங்குவது கடற்கரை மணலிலே. அத்தீவிலும் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இது நமக்கு எதை உணர்த்துகிறது? "எத்தனை பேருக்கு ஓர் ஆஸ்பத்திரி?" என்ற கேள்விக்குப் பிரித்தானியா நூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை கூறிவிட்டது. மக்கள் சிலராயிருப்பதும் தூரத்திலிருப்பதும் செலவைக் குறைப்பதற்குக் காரணமல்ல, கூட்டுவதற்கே காரணம் என்பதே அவ்விடை. பாராத் தீவினருக்கு ஆகும் செலவைக் கொண்டு ஆபிரிக்காவில் எத்தனை கிணறு வெட்டலாம் என்று எந்த அமைச்சரும் கணக்குப் பார்த்ததில்லை. ஏன்? அவர்களுடைய ஆஸ்பத்திரிக்கான பணம் தருமப் பெட்டியிலிருந்து எடுக்கப்படவில்லை. நாட்டின் பொதுத் திறைசேரியிலிருந்து எடுக்கப்பட்டது. அவர்கள் குடிகள். குடிகளுக்குச் செய்வது கடமை. மொன்செராற் மக்களுக்கோ அது உதவி. ஒரே கொடியின் கீழ் இரு தீவுகள். ஒன்றுக்குக் கடமை, மற்றதற்குத் தருமம். வேற்றுமை சனத்தொகையில் இல்லை என்பது வெள்ளிடைமலை. பாராவின் சனத்தொகை மொன்செராற்றின் சனத்தொகையிலும் குறைவு.

ஆகவே, பல உயிரா சில உயிரா என்ற அந்த வாதம் தொடங்கும் இடத்திலேயே ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. கடனாளி ஒருவன், தான் கொடுக்க வேண்டிய கடனைத் தன் தருமப் பெட்டியின் மேலே எழுதி வைக்கிறான். பின்பு, கடன்கொடுத்தவன் வந்து கேட்கும்போது, "உனக்குத் தந்தால் வாசலில் நிற்கும் பிச்சைக்காரன் பட்டினி கிடப்பானே, உனக்கு இரக்கமில்லையா?" என்று கேட்கிறான். இரண்டு ஏழைகளை ஒரு தராசின் இரண்டு தட்டிலும் ஏற்றிவிட்டு, தராசைப் பிடித்திருப்பவன் தான் எந்தத் தட்டிலும் ஏறாமல் தப்பிக்கொள்கிறான். ஆபிரிக்கக் குழந்தைக்கும் மொன்செராற் குழந்தைக்கும் பகையில்லை. அவர்களைப் பகைவராக்கியது பெட்டிகளின் அமைப்பே.

இதை மேலும் தெளிவாக்கும் சான்றுகள் உண்டு. 1945இல் வரையப்பட்ட ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 73ஆம் பிரிவு, சுயாட்சி பெறாத ஆட்புலங்களை ஆளும் அரசுகள் அம்மக்களின் நலனே தலையாயது என்ற தத்துவத்தை ஒப்புக்கொண்டு, அதைப் புனிதப் பொறுப்பாக ஏற்க வேண்டும் என்கிறது. பிரித்தானியா அதற்குக் கைச்சாத்திட்டது. 1997இல் வெளியான அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கையும் ஆட்புலங்களின் நியாயமான தேவைகளுக்கே அபிவிருத்திப் பணத்தின்மேல் முதல் உரிமை உண்டென்று கூறிற்று. ஆனால் நியாயமானது எது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? கேட்பவனிடம் அன்று, கொடுப்பவனிடம். 1981ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களைப் பிரித்தானியப் பிரசைகள் என்ற வட்டத்திலிருந்து விலக்கி வைத்திருந்தது. சாம்பல் மழையிலிருந்து தப்பி இங்கிலாந்து சென்றவர்களுக்கு முதலில் இரண்டு ஆண்டு தங்கவே அனுமதி வழங்கப்பட்டது. முழுப் பிரசாவுரிமை 2002இல்தான் கிடைத்தது. அதன் பின்னரும் தீவிலே செய்ய முடியாத சிகிச்சைக்காக இங்கிலாந்தின் பொது வைத்திய சேவைக்கு இலவசமாக அனுப்பத்தக்கவர் ஆண்டுக்கு நான்கு பேர் அளவில் என்ற வரையறை பல்லாண்டுகளாக இருந்துவந்தது. ஐந்தாவது நோயாளி எப்பொழுது நோயுற வேண்டும் என்பதை யார் அவனுக்குச் சொல்வது?

இன்னொரு கணக்கும் உண்டு. அதை ஏனோ எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. 1948இல் இங்கிலாந்தின் இலவச வைத்திய சேவை தொடங்கியதும் ஆஸ்பத்திரிகளில் ஆள் போதவில்லை. மேற்கிந்திய தீவுகளிலிருந்து இளம் பெண்கள் தாதிப் பணிக்குத் திரட்டப்பட்டனர். 1950களிலே, சனத்தொகையோடு ஒப்பிடுகையில், மொன்செராற்றைப் போல் இவ்வளவு பெரும் பங்கு மக்களை இங்கிலாந்துக்கு அனுப்பிய கரிபியன் தீவு வேறில்லை. ஆங்கிலேய முதியவர்களின் படுக்கையை விரித்தவர்களும் புண்ணைக் கழுவியவர்களும் இத்தீவுகளின் புதல்வியர். அவர்களை வளர்த்ததும் எழுத்தறிவித்ததும் தீவுகள்; அவர்களின் உழைப்பைப் பெற்றது பெருநாடு. இந்த வரவு எந்தப் பேரேட்டிலே பதியப்பட்டிருக்கிறது? செலவு என்று வரும்போது மட்டும் தலையை எண்ணுகிறவர்கள், வரவிலும் தலையை எண்ணட்டும்.

நாம் ஒருபக்க நியாயம் பேசவில்லை. 1995க்குப் பின் பிரித்தானியா அத்தீவுக்குப் பல கோடிப் பவுண் செலவிட்டிருக்கிறது. வீடுகள் எழுந்தன, எரிமலையை இராப் பகலாய்க் கவனிக்கும் ஆய்வு நிலையம் நடைபெறுகிறது, 1997இல் அழிந்த விமான நிலையத்துக்குப் பதிலாக 2005இல் புதிய ஒன்று திறக்கப்பட்டது. தீவின் வருடச் செலவிலே பாதிக்கு மேற்பட்டதை இன்றும் பிரித்தானியாவே தாங்குகிறது. எனினும் அந்தப் பழைய பாடசாலைக் கட்டிடமே கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தீவின் ஆஸ்பத்திரியாய் இருந்து வந்திருக்கிறது. விமான நிலையத்துக்கு எட்டு ஆண்டு; ஆஸ்பத்திரிக்கோ ஒரு தலைமுறை.

இனி நம்மை நாமே கேட்க வேண்டிய கடினமான கேள்விக்கு வருவோம். கடமை என்று நாட்டிவிட்டோம். அக்கடமைக்கு எல்லை உண்டா? ஐயாயிரம் பேருக்கு இருதய சத்திர சிகிச்சை நிபுணர் ஒருவரை நியமிக்க முடியுமா? பணம் இருந்தாலும் முடியாது என்பதே உண்மை. வருடத்தில் இரண்டொரு முறை மட்டும் செய்யும் சத்திர சிகிச்சையில் எந்தக் கையும் பழக்கம் பெறாது. பழக்கமற்ற கையிலே நோயாளியைக் கொடுப்பது உபகாரமன்று, அபகாரம். விலையுயர்ந்த யந்திரத்தை வாங்கி வைத்தால் அது பழுதுபடும் நாளில் கடல் கடந்தே யந்திரக்காரர் வர வேண்டும். ஆகவே, பெரு நகரத்தில் இருப்பதெல்லாம் சிறு தீவிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. தீவினரும் அப்படிக் கேட்கவில்லை.

அப்படியானால் எதை நாம் உரிமை என்கிறோம்? கட்டிடங்களின் சமத்துவத்தை அன்று. நிச்சயத்தின் சமத்துவத்தையே உரிமை என்கிறோம். பிரசவ வேதனை, விபத்து, காய்ச்சல், முதுமை, சாவு என்பன கடல் கடந்து போகும்வரை காத்திருப்பன அல்ல. இவற்றுக்கு வேண்டியது ஊரிலேயே, கௌரவமான கூரையின் கீழே இருத்தல் வேண்டும். மற்றவற்றுக்கு அயலிலுள்ள பெரிய தீவுகளுக்குப் போகும் வழி நிச்சயமாக இருத்தல் வேண்டும். அன்ரிகுவா 27 மைல் தூரந்தான். ஆனால் படகில்லாத நாளில், காற்று மாறிய நாளில், பையிலே பணமில்லாத நாளில் அந்த 27 மைல் 27 ஆயிரம் மைல் ஆகிவிடும். நோயாளியின் நிலைமையைப் பார்த்து விமானம் கிளம்ப வேண்டுமேயன்றி அவனுடைய நிலபுலத்தைப் பார்த்து அன்று. இந்த நிச்சயத்தை ஒரு சமுதாயம் தன் கடைசிக் குடிக்கும் கொடுக்குமாயின் அது தன் கடமையைச் செய்ததாகும்.

பிரசாவுரிமைச் சீட்டு ஒன்றே இந்த நிச்சயத்தைத் தந்துவிடாது என்பதற்கும் பக்கத்துத் தீவே சாட்சி. தெற்கே இருக்கும் குவாடலூப் 1946 முதல் பிரான்சின் ஒரு மாகாணம். பாரிஸ் நகரத்தானுக்கு உள்ள உரிமை சட்டப்படி அங்குள்ளவனுக்கும் உண்டு. ஆயினும் குளோர்டெக்கோன் என்னும் பூச்சிமருந்து பிரான்சிலே 1990இல் விலக்கப்பட்ட பின்னும், அத்தீவின் வாழைத் தோட்டங்களிலே 1993 வரை தெளிக்க அனுமதிக்கப்பட்டது. மண்ணும் நீரும் இன்றும் அந்த நஞ்சைச் சுமக்கின்றன. சட்டத்தில் சமமானவன் தோட்ட முதலாளியின் இலாபத்தின் முன் சமமாகவில்லை. ஏட்டிலே எழுதிய சமத்துவத்தை நாள்தோறும் காவல் காக்க மக்கள் வேண்டும்.

அந்தக் காவலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இது மொன்செராற்றைச் சுட்டியதன்று. சிறிய நாடு, பெரிய நாடு அனைத்துக்கும் பொருந்தும். பொது ஆஸ்பத்திரியின் உண்மையான காவலன் யார்? அதை விட்டால் வேறு கதியில்லாதவனே. ஓர் ஊரிலே அதிகாரியும் வியாபாரியும் விவசாயியும் ஒரே விடுதியில் அடுத்தடுத்த கட்டிலில் படுக்க நேர்ந்தால் அந்த விடுதியின் கூரை ஒழுகாது. அதிகாரிக்கும் வியாபாரிக்கும் நோய் வந்ததும் விமானச் சீட்டு வருமாயின், விடுதியில் மிஞ்சுவது குரலற்றவர்களே. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் பழமொழி. தனக்கு வந்தபோது தான் அங்கே போக வேண்டியதில்லை என்று ஆனபின், ஆட்சியாளனுக்கு எதுவும் தெரியாமற் போவது இயல்பே. ஆகவே, தூரதேசத்து எசமானரைக் கேள்வி கேட்பவர்கள் உள்ளூர்ப் பெரிய மனிதரையும் அதே குரலில் கேட்க வேண்டும். தான் போகாத ஆஸ்பத்திரியைப் பற்றித் தீர்மானம் எடுப்பவன், எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும், தூரதேசத்து எசமானே.

இறுதியாக, ஓர் ஆஸ்பத்திரி என்பது மருந்தும் கட்டிலும் மாத்திரமன்று. 1997இல் அம்மக்கள் கையில் 2,400 பவுணை வைத்துப் "போங்கள்" என்றபோது அவர்களிற் சில ஆயிரம் பேர் ஏன் போகவில்லை? எரிமலையை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அதன் சாம்பலைச் சுவாசித்தவர்கள். போவதற்கு விலை தரப்பட்டது. இருப்பதற்கு வேண்டியது தரப்படவில்லை. முன்னொரு நூற்றாண்டிலே தலைக்கு இவ்வளவு என்று அவர்களின் மூதாதையர்மீது விலை வைக்கப்பட்டது. அந்த விலை எசமானுக்குப் போயிற்று. இம்முறை விலை அவர்கள் கைக்கே வந்தது என்பது முன்னேற்றந்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சனக் கூட்டம் கலைந்து போவதற்கான செலவைக் கணக்கிட முடிந்தவர்களுக்கு, அது கூடி வாழ்வதன் பெறுமதியைக் கணக்கிட முடியவில்லை. ஒரு பாடசாலை, ஒரு நூல்நிலையம், ஓர் ஆஸ்பத்திரி என்னும் இவை எழும்போது ஒரு மக்கட் கூட்டம் தன்னைப் பார்த்து, "நாளையும் நாம் இங்கே இருப்போம், நம் பிள்ளைகள் இங்கே பிறப்பர், நம் முதியோர் இங்கே கண்மூடுவர்" என்று சொல்லிக்கொள்கிறது. பாடசாலையின் சுவர்களுக்குள் ஆஸ்பத்திரியை நடத்தி, சாம்பலைக் கூட்டித் துடைத்துவிட்டு மறுநாட் காலையிலும் கதவைத் திறந்த தாதிமார் அதையே சொன்னார்கள்.

எத்தனை பேருக்கு ஓர் ஆஸ்பத்திரி என்று தொடங்கினோம். கேள்வியே பிழையானது என்பது இப்பொழுது விளங்குகிறது. மனிதர் எத்தனை பேர் என்று எண்ணுவது அவர்களுக்கு எத்தனை கட்டில் வேண்டும் என்பதை அறிவதற்கே. கட்டில் வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பதற்கு அன்று. முதலாவது எண்ணுதல் நிர்வாகம். இரண்டாவது எண்ணுதல் அநீதி. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை ஓர் அரசு மறக்கும் நாளில், அதை நினைவூட்டும் பொறுப்பு அத்தீவின் ஐயாயிரம் பேருக்கு மாத்திரம் உரியதன்று. நம் அனைவருக்கும் உரியது.